பைலைத் திறந்ததும் மூடிக்கொள்ளும் எடிட்டர்: காரணம் கண்டுபிடிப்பது எப்படி?

கம்ப்யூட்டரில் உள்ள புரோகிராம்களிலேயே மிக எளிமையானது டெக்ஸ்ட் எடிட்டர். எழுத்துகளைக் காட்டும், மாற்ற விடும், சேவ் செய்யும். அவ்வளவுதான். இதில் கெட்டுப்போக என்ன இருக்கிறது என்றுதான் நினைப்போம். ஆனால் நூறு பைல்களை ஒழுங்காகத் திறந்து காட்டும் எடிட்டர், குறிப்பிட்ட ஒரு பைலை மட்டும் திறக்கச் சொன்னால் சட்டென்று மூடிக்கொள்ளும். மறுபடி முயன்றால் மறுபடியும் மூடிக்கொள்ளும். நம் கெட்ட நேரம், அந்த ஒரு பைல்தான் நமக்கு வேண்டியதாக இருக்கும்.

நான் சாப்ட்வேர் இன்ஜினியர். நாள் முழுவதும் எடிட்டர் முன்னால்தான் உட்கார்ந்திருக்கிறேன். அதனாலேயே உறவினர்களும் நண்பர்களும் இந்தப் பிரச்னையோடு என்னிடம் வருவதுண்டு. எல்லாரும் கேட்கும் முதல் கேள்வி ஒன்றே: “பைல் போய்விட்டதா?”

பெரும்பாலும் இல்லை என்பதே பதில். ஒரு பைலைத் திறக்கும்போது எடிட்டர் டிஸ்க்கில் உள்ளதைப் படித்து மெமரியில் ஒரு நகல் எடுத்துக்கொள்கிறது. கிராஷ் ஆகும்போது போவது அந்த நகல்தான். டிஸ்க்கில் உள்ள பைல் அப்படியே இருக்கும். பைல் உண்மையில் அழிவது, அதன் பிறகு பதற்றத்தில் நாம் செய்யும் காரியங்களால்தான். பாதி திறந்த நிலையில் சேவ் கொடுப்பது, கண்ட புரோகிராமிலும் திறந்து சேவ் செய்வது, எடிட்டரை ரீசெட் செய்வது ஆகியவை இதில் அடங்கும். எனவே அவசரப்படாமல் வரிசையாகச் சோதித்துப் பார்ப்போம்.

முதல் வேலை: ஒரு காப்பி

பைல் உள்ள போல்டரைத் திறந்து, அந்த பைலைக் காப்பி செய்து வேறொரு போல்டரில் பேஸ்ட் செய்யுங்கள். பென் டிரைவ் இருந்தால் அதிலும் ஒன்று வைத்துக்கொள்ளுங்கள். பிறகு ஒரிஜினல் பைலில் ரைட் கிளிக் செய்து, பிராப்பர்ட்டீஸ் விண்டோவில் ‘ரீட் ஒன்லி’ என்ற கட்டத்தில் டிக் செய்துவிடுங்கள். இனி எந்தச் சோதனையானாலும் காப்பியில் மட்டுமே.

இந்தக் காப்பி எடுக்கும் வேலையே ஒரு சோதனையும் ஆகும். காப்பி ஆகும்போது ‘சைக்ளிக் ரிடன்டன்சி செக்’ என்று ஒரு பிழைச் செய்தி வந்தால், டிஸ்க்கின் அந்தப் பகுதியைப் படிக்க முடியவில்லை என்று பொருள். அப்படியானால் எடிட்டர் மீது குற்றமில்லை. மற்ற முக்கிய பைல்களை உடனே வேறு டிஸ்க்கிற்கு மாற்றுங்கள்.

காப்பி ஒழுங்காக ஆகிவிட்டால், பிராப்பர்ட்டீஸ் விண்டோவிலேயே பைலின் அளவைப் பாருங்கள். பூஜ்யம் பைட் என்று இருந்தால் அதில் திறக்க எதுவுமே இல்லை. பேக் அப் எங்கே இருக்கிறது என்று தேட வேண்டியதுதான். வழக்கமாக ஒன்றிரண்டு எம்.பி. இருக்கும் பைல் திடீரென்று பத்து மடங்காகியிருந்தால் அதைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். பிறகு உதவும்.

குற்றம் எடிட்டரிலா, பைலிலா?

இதை அறிய இரண்டு சோதனைகள் போதும். அதே எடிட்டரில் வேறு பைல்கள் திறக்கின்றனவா? அதே பைல் வேறு எடிட்டரில் திறக்கிறதா?

வேறு பைல்களும் திறக்கவில்லை என்றால் எடிட்டரின் நிறுவலில் கோளாறு. மற்றவை திறந்து இந்த ஒரு பைல் மட்டும் எந்த எடிட்டரிலும் திறக்கவில்லை என்றால் பைலில் ஏதோ இருக்கிறது. இந்த எடிட்டரில் கிராஷ் ஆகி இன்னொன்றில் திறந்தால், பைலில் உள்ள ஏதோ ஒன்றை இந்த எடிட்டரால் தாங்க முடியவில்லை. நடைமுறையில் நான் அதிகம் பார்ப்பது இந்த மூன்றாவது வகைதான்.

வேறு எடிட்டர் எதுவும் நிறுவவில்லையா? டாட் டெக்ஸ்ட் பைலை இழுத்துக்கொண்டு போய் குரோம் அல்லது பயர்பாக்ஸ் பிரவுசரின் விண்டோவில் விடுங்கள். பிரவுசர் அதைக் காட்ட மட்டுமே செய்யும், மாற்றாது. எனவே இது பயமில்லாத சோதனை. 

முன்பு விண்டோஸுடன் வந்த வேர்ட்பேடை இதற்குப் பயன்படுத்தியவர்கள் உண்டு. 2024-ல் வந்த விண்டோஸ் 11-ன் 24எச்2 பதிப்பிலிருந்து அது நீக்கப்பட்டுவிட்டது. நோட்பேட் பிளஸ் பிளஸ் இலவசம்தான், அதை நிறுவிக்கொள்ளலாம்.

இன்னொரு விஷயம். எடிட்டர் உண்மையிலேயே கிராஷ் ஆகிறதா, அல்லது ‘நாட் ரெஸ்பாண்டிங்’ என்று உறைந்து நிற்கிறதா என்று கவனியுங்கள். கண்ட்ரோல், ஷிப்ட், எஸ்கேப் மூன்று கீகளையும் சேர்த்து அழுத்தி டாஸ்க் மேனேஜரைத் திறந்து வைத்துக்கொண்டு பைலைத் திறங்கள். எடிட்டருக்கு நேரே உள்ள மெமரி எண் ஏறிக்கொண்டே போனால் அது இன்னும் வேலை செய்துகொண்டிருக்கிறது. ஐந்து நிமிடம் விட்டுப் பார்க்கலாம்.

எடிட்டர் ஏன் விழுகிறது?

புரோகிராம் எழுதும் நாங்கள் சிலவற்றை மனதில் வைத்துக்கொண்டுதான் எழுதுகிறோம். பைல் இவ்வளவு பெரிதாக இருக்காது, ஒரு வரி நூறு, இருநூறு எழுத்துகளுக்குள் இருக்கும், உள்ளே இருப்பது எழுத்துகளாகத்தான் இருக்கும் என்றெல்லாம் எண்ணம். இந்த எண்ணங்களில் ஒன்றைப் பொய்யாக்கும் பைல் வந்தால் புரோகிராம் தடுமாறுகிறது. ஆக, எந்த எண்ணம் பொய்யானது என்று கண்டுபிடித்தால் காரணம் கிடைத்துவிடும். அவற்றை ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

1. அளவு

விண்டோஸ் 95, 98 காலத்து நோட்பேட் சுமார் 64 கே.பி.க்கு மேற்பட்ட பைலைத் திறக்காது. வேர்ட்பேடில் திறக்கட்டுமா என்று கேட்கும். இன்று அந்த எல்லை இல்லை. ஆனால் மெமரி என்ற எல்லை உண்டு. பல எடிட்டர்கள் ஒவ்வொரு எழுத்துக்கும் மெமரியில் இரண்டு பைட் ஒதுக்குகின்றன. அதனால் 100 எம்.பி. ஆங்கில பைல் மெமரியில் 200 எம்.பி. ஆகிறது. அன்டூ செய்வதற்கான பதிவு, நிறம் தீட்டுவதற்கான கணக்கு என்று மேலும் சேரும். நூற்றுக்கணக்கான எம்.பி. உள்ள பைல் என்றால் 64 பிட் எடிட்டரைப் பயன்படுத்துங்கள். 32 பிட் புரோகிராமுக்குக் கிடைக்கும் மெமரி குறைவு. கம்ப்யூட்டரில் 16 ஜி.பி. ராம் இருந்தாலும் அதற்குப் பயனில்லை.

2. வரியின் நீளம்

பைல் சிறியதாக இருந்தும் எடிட்டர் விழுந்தால் நான் முதலில் சந்தேகிப்பது இதைத்தான். என் தாய்மாமா ஓய்வு பெற்ற தமிழாசிரியர். தஞ்சைப் பக்கத்துப் பேச்சு வழக்குச் சொற்களை ஒன்பது ஆண்டுகளாக ஒரே டெக்ஸ்ட் பைலில் சேர்த்து வருகிறார். ஒருநாள் அது திறக்கவில்லை. போன் செய்து, “மாப்ளே, ஒம்போது வருஷ வேலைடா. எல்லாம் போயிடுச்சா?” என்றார். “போகல மாமா. அதைத் தொடாம அப்படியே வைங்க, நான் வர்றேன்” என்றேன்.

காப்பி எடுத்தபோதே விடை பாதி தெரிந்துவிட்டது. அவர் டைப் செய்த சொற்கள் எவ்வளவு இருந்தாலும் இரண்டு எம்.பி.யைத் தாண்டாது. பைலோ சுமார் 14 எம்.பி. இருந்தது. போனில் குறிப்பெழுதும் ஆப் ஒன்றில் சொற்களைக் குறித்துக்கொண்டு, மாதம் ஒரு முறை எக்ஸ்போர்ட் செய்து, அதைப் பழைய பைலின் இறுதியில் ஒட்டுவது அவர் வழக்கம். அந்த மாதம் மரக்கால், உழக்கு, பறி என்று நான்கு பொருட்களின் போட்டோக்களையும் சேர்த்திருந்தார். ஆப் அந்தப் போட்டோக்களையும் எழுத்துகளாக மாற்றி உள்ளே வைத்துவிட்டது.

படத்தை எழுத்தாக மாற்றும் இந்த முறைக்கு பேஸ் 64 என்று பெயர். படத்தின் ஒவ்வொரு மூன்று பைட்டும் நான்கு எழுத்துகளாகும். ஒரு போட்டோ சுமார் 30 லட்சம் எழுத்துகள் கொண்ட ஒரே வரியாகிவிட்டது. நடுவில் ஓர் இடைவெளி கூட இல்லை. ‘வேர்ட் ராப்’ வசதி இந்த வரியை எங்கே மடிப்பது என்று கணக்குப் போட வேண்டும். எழுத்துப் பிழை பார்க்கும் வசதி இதை ஒரே சொல்லாக எண்ணி அகராதியில் தேடும். அவருடைய எடிட்டர் இதில்தான் விழுந்தது.

தீர்வு எளிது. வேறொரு எடிட்டரைத் திறந்து, பைல் எதையும் திறப்பதற்கு முன்பே வேர்ட் ராப், பிழை திருத்தம், நிறம் தீட்டும் வசதி மூன்றையும் நிறுத்தினேன். பிறகு காப்பியைத் திறந்ததும் மெதுவாக வந்து நின்றது. அந்த நான்கு வரிகளையும் நீக்கிப் புதிய பெயரில் சேவ் செய்தேன். ஒரு சொல்லும் குறையவில்லை. போட்டோக்கள் போனிலேயே இருந்தன.

இந்தச் சிக்கல் தெரிந்துதான் சில எடிட்டர்கள் முன்னேற்பாடு வைத்திருக்கின்றன. விஷுவல் ஸ்டூடியோ கோட், 20,000 எழுத்துகளுக்கு மேற்பட்ட வரிக்கு நிறம் தீட்டுவதில்லை. நோட்பேட் பிளஸ் பிளஸ் புதிய பதிப்புகளில் பெரிய பைல்களுக்கு இத்தகைய வசதிகளைத் தானாக நிறுத்தும் செட்டிங் இருக்கிறது.

3. உள்ளே இருப்பது எழுத்தே இல்லை

பெயரில் டாட் டெக்ஸ்ட் என்று இருப்பதால் மட்டும் உள்ளே டெக்ஸ்ட் இருக்க வேண்டும் என்பதில்லை. யாராவது பெயரை மாற்றியிருக்கலாம். ஹெக்ஸ் எடிட்டர் என்னும் புரோகிராம் பைலை எழுத்தாக எண்ணாமல் வெறும் பைட்டுகளாகக் காட்டும். எனவே அது எந்த பைலுக்கும் விழாது. எச்.எக்ஸ்.டி. என்ற இலவச ஹெக்ஸ் எடிட்டர் இதற்குப் போதும். முதல் சில பைட்டுகளைப் பாருங்கள். பி, கே என்ற இரண்டு எழுத்துகளில் தொடங்கினால் அது ஜிப் பைல், அல்லது வேர்டின் டாக்எக்ஸ் பைல். சதவீதக் குறியும் பி.டி.எப். என்ற எழுத்துகளும் இருந்தால் அது பி.டி.எப். பைல். பெயரின் பின் ஒட்டைச் சரியாக மாற்றி, உரிய புரோகிராமில் திறந்தால் போதும்.

பைல் முழுவதும் 00, 00 என்று பூஜ்யங்களாக இருந்தால் செய்தி நல்லதல்ல. சேவ் ஆகும் நேரத்தில் மின்சாரம் போகும்போது இப்படி நடப்பதுண்டு. விண்டோஸின் என்.டி.எப்.எஸ். அமைப்பு, பைலின் பெயர், அளவு போன்ற விபரங்களை முன்கூட்டியே குறித்து வைத்துக் காப்பாற்றும். உள்ளே உள்ள தகவலுக்கு அந்தக் காவல் கிடையாது. எனவே அளவு சரியாக இருக்கும், உள்ளடக்கம் இருக்காது. இந்நிலையில் பைலை ரிப்பேர் செய்ய முயல்வது வீண். பிராப்பர்ட்டீஸ் விண்டோவில் ‘பிரீவியஸ் வெர்ஷன்ஸ்’ டேபில் பழைய பதிப்பு இருக்கிறதா, கிளவுட் சேமிப்பில் முந்தைய பதிப்பு இருக்கிறதா, எடிட்டரின் பேக் அப் போல்டரில் ஏதேனும் இருக்கிறதா என்று தேடுங்கள்.

4. குறியீட்டுக் குழப்பம்

இதில் எடிட்டர் கிராஷ் ஆகாது. ஆனால் பைல் கெட்டுவிட்டது என்று நம்மைப் பயமுறுத்தும். விண்டோஸ் எக்ஸ்பி காலத்து நோட்பேடில் ‘புஷ் ஹிட் த பேக்ட்ஸ்’ என்று ஆங்கிலத்தில் டைப் செய்து, சேவ் செய்து, மறுபடி திறந்தால் சீன எழுத்துகளோ கட்டங்களோ தெரியும். புஷ் மீது நோட்பேடுக்குக் கோபம் இல்லை. இடைவெளிகள் உட்பட 18 எழுத்துகள் கொண்ட அந்தத் தொடரின் அமைப்பைப் பார்த்து, இது யூனிகோட் பைல் என்று புரோகிராம் தவறாக ஊகித்தது. 18 பைட்டும் ஒன்பது சீன எழுத்துகளாகத் தெரிந்தன. விண்டோஸ் விஸ்டாவில் இது சரி செய்யப்பட்டது.

எனவே எழுத்துகள் குழம்பித் தெரிந்தால் சேவ் செய்யாமல் மூடுங்கள். மறுபடி திறக்கும்போது ஓப்பன் விண்டோவில் உள்ள ‘என்கோடிங்’ பட்டியலில் யுடிஎப்-8 என்பதைத் தேர்ந்தெடுத்துப் பாருங்கள். குழம்பிய நிலையில் சேவ் செய்தால் அந்தக் குழப்பமே நிரந்தரமாகிவிடும்.

5. எழுத்தே எமன் ஆவது

நம்ப முடியாது, ஆனால் நடந்திருக்கிறது. 2013-ல் ஆப்பிளின் மவுண்டன் லயன் பதிப்பில், ‘பைல்’ என்ற ஆங்கிலச் சொல்லைப் பெரிய எப் எழுத்தில் தொடங்கி, முக்காற்புள்ளியும் மூன்று சாய்கோடுகளும் இட்டால், அதை டைப் செய்த புரோகிராம் மூடிக்கொண்டது. ஆப்பிளின் டெக்ஸ்ட் எடிட் எடிட்டரும் தப்பவில்லை. 2018 பிப்ரவரியில், தெலுங்கின் ஒரு கூட்டெழுத்து ஐபோன்களில் அதைக் காட்ட முயன்ற ஆப்களை எல்லாம் விழ வைத்தது. ஐஓஎஸ் 11.2.6 பதிப்பு வந்து அதைச் சரி செய்தது.

எழுத்துகளை இணைத்து வரையும் வேலையை எடிட்டர் தானாகச் செய்வதில்லை. ஆபரேட்டிங் சிஸ்டத்தின் ஒரு பகுதியிடம் ஒப்படைக்கிறது. அங்கே பிழை இருந்தால் அதை நம்பும் எல்லா எடிட்டர்களும் ஒன்றாக விழும். இதற்கு மருந்து சிஸ்டத்தை அப்டேட் செய்வதுதான்.

பாதி பாதியாகத் தேடுங்கள்

மேலே சொன்ன எதிலும் பிடிபடவில்லையா? ஒரே ஒரு உத்தி எப்போதும் கைகொடுக்கும். காப்பியை ஹெக்ஸ் எடிட்டரில் திறந்து, நடுப்பகுதிக்குச் சென்று, அங்கிருந்து இறுதி வரை செலக்ட் செய்து நீக்கி, வேறு பெயரில் சேவ் செய்யுங்கள். இதேபோல் முதல் பாதியை நீக்கி இன்னொரு பைல். இரண்டையும் உங்கள் எடிட்டரில் திறங்கள். எந்தப் பாதி கிராஷ் ஆகிறதோ அதை மீண்டும் இரண்டாக்குங்கள். பத்து லட்சம் வரி உள்ள பைலிலும் இருபது முறை பிரித்தால் ஒரே வரியில் வந்து நிற்பீர்கள்.

இரண்டு பாதியும் நன்றாகத் திறந்தால் அதுவும் ஒரு விடைதான். பெரும்பாலும் மொத்த அளவுதான் பிரச்னை. இரண்டுமே கிராஷ் ஆனால் கோளாறு ஒன்றுக்கு மேற்பட்ட இடங்களில் இருக்கிறது. தமிழ் பைலை இப்படி வெட்டும்போது வெட்டிய இடத்தில் ஒரு எழுத்து சிதைந்து தெரியலாம். யுடிஎப்-8 முறையில் தமிழ்க் குறி ஒவ்வொன்றும் மூன்று பைட். கத்தி அதன் நடுவே விழுந்திருக்கும். பயப்பட வேண்டாம், ஒரிஜினல் பத்திரமாக இருக்கிறது.

எடிட்டரே திறக்கவில்லையா?

இப்போதைய எடிட்டர்கள் கடைசியாகத் திறந்திருந்த பைல்களைத் தாமாகவே மீண்டும் திறக்கின்றன. சிக்கலான பைல் அந்தப் பட்டியலில் இருந்தால், எடிட்டரைத் திறந்ததும் அதே பைலைத் திறந்து மறுபடி விழும். அந்த பைலைத் தற்காலிகமாக வேறு போல்டருக்கு மாற்றிவிட்டு எடிட்டரைத் திறந்து பாருங்கள். பைல் கிடைக்காததால் பெரும்பாலும் அதை விட்டுவிட்டுத் திறந்துகொள்ளும். பிளக் இன்கள் நிறுவியிருந்தால் அவற்றையும் நிறுத்திச் சோதியுங்கள்.

இங்கே ஓர் எச்சரிக்கை. விண்டோஸ் செட்டிங்ஸில் நோட்பேடின் ‘அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ்’ பக்கத்தில் ரிப்பேர், ரீசெட் என இரண்டு பட்டன்கள் உண்டு. ரிப்பேர் உங்கள் தகவலைத் தொடாது. ரீசெட் அந்த ஆப்பின் தகவல்களை அழித்துவிடும். விண்டோஸ் 11 நோட்பேடில் சேவ் செய்யாமல் டேப்களில் விட்டு வைத்திருக்கும் குறிப்புகளும் அதோடு போய்விடும். முதலில் ரிப்பேர் மட்டும்.

விண்டோஸ் எழுதி வைத்த குறிப்பு

ஸ்டார்ட் மெனுவில் ‘ரிலையபிலிட்டி’ என்று ஆங்கிலத்தில் டைப் செய்தால் ‘வியூ ரிலையபிலிட்டி ஹிஸ்டரி’ கிடைக்கும். எந்த நாளில் எந்தப் புரோகிராம் விழுந்தது என்று சிவப்புக் குறியிட்டுக் காட்டும். அதில் ‘பால்ட் மாட்யூல் நேம்’ என்ற வரியைப் பாருங்கள். எடிட்டரின் பெயர் இருந்தால் அதன் புதிய பதிப்பை நிறுவுங்கள். பிளக் இன் பெயர் இருந்தால் அதை நீக்குங்கள். எடிட்டரைத் தயாரித்தவர்களுக்கு எழுதும்போது இந்த வரியையும், நீங்கள் கண்டுபிடித்த அந்தச் சிறிய துண்டு பைலையும் அனுப்பினால் அவர்கள் வேலை பாதி முடிந்தது.

ஒன்று மட்டும் கவனம். முன்பின் தெரியாதவர் அனுப்பிய பைல் எடிட்டரை விழ வைத்தால், ஆராய்ச்சி செய்யாமல் நீக்கிவிடுங்கள். 2019-ல் விம் எடிட்டரில் கண்டறியப்பட்ட ஒரு குறையால், அதற்கென்றே தயாரிக்கப்பட்ட டெக்ஸ்ட் பைலைத் திறந்தாலே கம்ப்யூட்டரில் கட்டளைகளை இயக்க முடிந்தது. புதிய பதிப்பில் அது சரி செய்யப்பட்டுவிட்டது. எடிட்டரையும் அவ்வப்போது அப்டேட் செய்ய வேண்டும் என்பதற்கு இது ஒரு காரணம்.

இனி வராமல் இருக்க

பல ஆண்டு வேலையை ஒரே பைலில் வளர்க்காதீர்கள். ஆண்டுக்கு ஒன்று, அல்லது தலைப்புக்கு ஒன்று என்று பிரியுங்கள். ஒன்று கெட்டாலும் மற்றவை பிழைக்கும். சேவ் செய்யும்போது யுடிஎப்-8 என்பதையே தேர்ந்தெடுங்கள். படங்களைத் தனி போல்டரில் வையுங்கள். நோட்பேட் பிளஸ் பிளஸ் பயன்படுத்துவோர் செட்டிங்ஸ் மெனுவில் பிரிபரன்சஸ், பேக் அப் பகுதிக்குச் சென்று, சேவ் செய்யும்போதெல்லாம் நாள், நேரத்துடன் ஒரு பழைய நகலை வைத்துக்கொள்ளும் ‘வெர்போஸ் பேக் அப்’ வசதியைத் தேர்ந்தெடுக்கலாம். மின்வெட்டு அதிகமுள்ள ஊர் என்றால் கம்ப்யூட்டருக்கு யு.பி.எஸ். அவசியம்.

கம்ப்யூட்டர் கடையில் எடிட்டரை மாற்றித் தருவார்கள், டிஸ்க்கையும் மாற்றித் தருவார்கள். நீங்கள் டைப் செய்ததை யாரும் மீண்டும் டைப் செய்து தர முடியாது. எனவே எடிட்டர் எத்தனை முறை விழுந்தாலும் பரவாயில்லை. காப்பி எடுக்கும் வரை சேவ் பட்டன் பக்கம் மட்டும் போகாதீர்கள்.